‘டக்’ சத்தம் கேட்காமல் படம் எடுக்க எந்தக் காமிரா?

தாலி கட்டும் நேரத்தில் காமிரா எவ்வளவு சத்தம் போட்டாலும் யார் காதிலும் விழாது. ‘கெட்டி மேளம்! கெட்டி மேளம்!’ என்று புரோகிதர் கையை உயர்த்தியதும் தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து மண்டபத்தையே தூக்கிவிடும். தும்மல், அழுகை, வேண்டாத பேச்சு எதுவும் அந்த நேரத்தில் மணமக்கள் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடே என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் காமிராவின் ‘டக்’ எம்மாத்திரம்?

அதே போட்டோக்காரர் அடுத்த வாரம் ஒரு கிறிஸ்தவத் திருமணத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணப்பெண் மைக் முன்னால் நின்று திருமண வாக்குறுதியைச் சொல்கிறாள். குரல் லேசாக நடுங்குகிறது. அத்தனை பேர் கூடியிருந்தும் கோயிலில் ஒரு சத்தம் இல்லை. அப்போது ‘டக்... டக்... டக்...’! முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கோயில்பிள்ளை வந்து தோளைத் தொட்டு, ‘தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா’ என்கிறார். எடுக்க வேண்டிய படம் போயிற்று. அதோடும் முடியவில்லை. பக்கத்தில் நின்ற வீடியோக்காரரின் மைக்கில் அந்த ‘டக் டக்’ பதிந்துவிட்டது. கல்யாண நாள் வரும்போதெல்லாம் அந்தக் குடும்பம் போட்டுப் பார்க்கப்போகும் வீடியோ அது. வாக்குறுதிக்கு நடுவே காமிரா சத்தமும் சேர்ந்தே கேட்கும்.

பெங்களூரில் வாரம் முழுவதும் தொழிற்சாலையிலோ ஆபீசிலோ வேலை பார்த்துவிட்டு, முகூர்த்த நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற தமிழர்கள் உண்டு. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜிநகரிலும் இருப்பவர்கள் மட்டுமல்ல; 2001-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு மாரிக்குப்பத்தில் ரயிலேறி நகரத்துக்கு வேலைக்கு வந்து போகும் கோலார் தங்கவயல் இளைஞர்களிலும் இந்தத் தொழிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. போனஸ் பணத்தையோ சீட்டு எடுத்த பணத்தையோ போட்டுத்தான் இவர்கள் காமிரா வாங்குகிறார்கள். தவறான காமிராவை வாங்கிவிட்டால் மாற்றி இன்னொன்று வாங்கப் பல வருஷம் ஆகும். ஆகவே ‘சத்தம் போடாத காமிரா’ என்று கடைக்காரர் சொல்லும்போது, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, அதை நிறுத்தினால் வேறு என்ன கெடுகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டு பணத்தை எண்ணி வைப்பது நல்லது.

கண்ணாடி போடும் கூச்சல்

பல வருஷம் கல்யாண வீடுகளை ஆண்டது கண்ணாடி வைத்த எஸ்.எல்.ஆர். காமிரா. பிலிம் போய் டிஜிட்டல் வந்த பிறகும் அதே அமைப்பில் டி.எஸ்.எல்.ஆர். என்று தொடர்ந்தது. லென்ஸ் வழியே வரும் காட்சியை ஒரு சாய்ந்த கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டுகிறது. பட்டனை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி படாரென்று மேலே எழும்பி வழிவிட வேண்டும். பின்னால் இருக்கும் ஷட்டரின் முதல் திரை திறக்க வேண்டும்; இரண்டாவது திரை மூட வேண்டும்; பிறகு கண்ணாடி பழையபடி கீழே விழ வேண்டும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கிறது. ‘டக்’ என்று ஒரே சத்தமாகக் கேட்பது உண்மையில் நாலைந்து சத்தங்களின் கூட்டு. அதில் பெரிய பங்கு கண்ணாடிக்கே.

கண்ணாடி இல்லாவிட்டால் சத்தம் போய்விடுமா? பாதி போகும். 2008-ல் பானசோனிக் கம்பெனி ஜி1 என்ற காமிராவைக் கொண்டுவந்ததில் இருந்து ‘மிரர்லெஸ்’ என்னும் கண்ணாடி இல்லாத வகை பரவியது. ஆனால் கண்ணாடி இல்லை என்பதாலேயே அது அமைதியான காமிரா ஆகிவிடாது. 2013-ல் வந்த சோனி ஏ7ஆர் மிரர்லெஸ் தான். அதன் ஷட்டர் சத்தத்தைப் பற்றிக் குறை சொல்லாதவர்கள் குறைவு. காரணம் இருக்கிறது. மிரர்லெஸ் காமிராவில் நாம் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஷட்டர் திறந்தே இருக்கும். பட்டனை அழுத்தினால் முதலில் மூடி, பிறகு திறந்து, மறுபடி மூடி, கடைசியில் பார்ப்பதற்காக மீண்டும் திறக்க வேண்டும். ஒரு படத்துக்கு இத்தனை ஓட்டம்!

இதைக் குறைப்பதற்கு வந்ததுதான் ‘எலக்ட்ரானிக் முதல் திரை’. படத்தின் தொடக்கத்தைத் திரை இல்லாமல் மின்சாரத்தாலேயே செய்துவிட்டு, முடிவுக்கு மட்டும் நிஜத் திரையை ஓடவிடுவார்கள். சத்தம் பெருமளவு குறைந்து, ஒரு மெல்லிய ‘ஸ்னிக்’ மட்டும் மிஞ்சும். இன்னும் ஒருபடி மேலே போனால் முழு எலக்ட்ரானிக் ஷட்டர். அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை, ஒலியும் இல்லை. கைபேசியில் உள்ளதும் அதுதான். கைபேசி போடும் ‘கிளிக்’ ஸ்பீக்கர் வாசிக்கும் பொய்ச் சத்தம்.

அந்தக் காலத்து அமைதி

அமைதியான காமிரா புதுக் கண்டுபிடிப்பு அல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஸ்டுடியோக்காரர்கள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்த யாஷிகா மேட் பலருக்கு நினைவிருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரட்டை லென்ஸ். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. கண்ணாடி எழும்ப வேண்டிய அவசியமே இல்லை. ஷட்டரும் லென்சுக்கு உள்ளேயே இருக்கும் சின்னச் சின்னத் தகடுகள்; பூ விரிந்து குவிவது போலத் திறந்து மூடும். பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. மேலும், அந்தக் காமிராவில் படம் எடுப்பவர் தலையைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். சாமி சன்னதியில் வணங்கி நிற்பவர் போலவே இருப்பார்! ஒரு சுருளில் 12 படம். ஆகவே யாரும் ‘டகடக’வென்று அடித்துத் தள்ளவில்லை.

பணம் படைத்தவர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் லைக்கா இருந்தது. அதில் ஷட்டர் திரை துணியால் ஆனது, கண்ணாடி கிடையாது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரசோன் தமது லைக்காவின் பளபளப்பு தெரியாமல் இருக்கக் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்கள் அவை. ஆசிரமத்தில் அவர் படங்கள் எடுத்தார். மரணத்தை எதிர்நோக்கி இருந்த ஓர் இடத்தில் பெரிய பிளாஷையும் சத்தக் காமிராவையும் வைத்துக்கொண்டு யாரும் நடமாடியிருக்க முடியாது.

இன்று பிலிம் காமிராவைத் தொழிலுக்கு வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல. பிலிம் விலையும் கழுவும் கூலியும் கட்டுப்படி ஆகாது. ஆனால் லென்சுக்குள் ஷட்டர் வைக்கும் அந்தப் பழைய யோசனை சாகவில்லை. 2011-ல் தொடங்கிய பியூஜிபிலிம் எக்ஸ்100 வரிசைக் காமிராக்களில் அதே தகட்டு ஷட்டர்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால்.

வளைந்து போன தவில் குச்சி

முழு எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

டிஜிட்டல் காமிராவின் சென்சார் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் வாசிப்பதில்லை. மேல் வரியில் தொடங்கிக் கீழ் வரி வரை ஒவ்வொரு வரியாக வாசிக்கிறது. நாம் புத்தகம் படிப்பது போல. நிஜத் திரை உள்ள ஷட்டர் சுமார் 1/250 நொடியில் சென்சாரைக் கடந்துவிடும். ஆனால் நடுத்தர விலைக் காமிராக்களில் மின்சாரத்தால் மட்டும் வாசிக்க 1/15 முதல் 1/30 நொடி வரை ஆகிவிடுகிறது. அதற்குள் காட்சி நகர்ந்துவிட்டால்? மேல் வரி வாசிக்கப்பட்டபோது குச்சி ஓர் இடத்தில் இருந்தது. கீழ் வரி வாசிக்கப்படும்போது வேறோர் இடத்துக்குப் போய்விட்டது. பூவரச மரத்தில் கடைந்த நேரான தவில் குச்சி படத்தில் வில் போல வளைந்து விழும். பரதநாட்டிய அரங்கேற்றத்தில் கை வீச்சு ரப்பராக நெளியும். ஷட்டர் வேகத்தை 1/1000 என்று உயர்த்தினாலும் இது மாறாது. ஒவ்வொரு வரியும் தெளிவாக இருக்கும். வரிகள் ஒன்றோடொன்று பொருந்தாது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய தொல்லை விளக்கு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பழைய சோக் வைத்த டியூப்லைட் அதனால் நொடிக்கு 100 தடவை மங்கி எழும். கண்ணுக்குத் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். சென்சார் வாசிக்க 1/20 நொடி ஆகிறது என்றால் அதற்குள் விளக்கு 5 தடவை மங்கிவிடும். படத்தில் குறுக்கே 5 கறுப்புப் பட்டைகள் விழும்! மணப்பெண் முகத்தில் ஒரு பட்டை, பட்டுப் புடவையில் ஒரு பட்டை. மட்டமான எல்.இ.டி. பல்புகளிலும் இதே கதை. மேடை அலங்காரத்துக்குத் தொங்கவிடும் எல்.இ.டி. விளக்குகள் இன்னும் மோசம்; அவை எந்த வேகத்தில் துடிக்கின்றன என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

டியூப்லைட் பட்டைக்கு ஒரு கைவைத்தியம் இருக்கிறது. ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வரிக்கும் விளக்கின் ஒரு முழுத் துடிப்போ இரண்டு முழுத் துடிப்போ கிடைக்கும். எல்லா வரிக்கும் சமமான வெளிச்சம், பட்டை மறைந்துவிடும். வாக்குறுதி சொல்லும் மணமக்கள், தியானத்தில் கண் மூடியவர், ஆலாபனையில் இருக்கும் பாடகர் இவர்களெல்லாம் அதிகம் அசையாதவர்கள். 1/100 போதும். அட்சதை தூவும்போதும் தவில் தனி ஆவர்த்தனத்திலும் அது போதாது. ஆனால் அந்த நேரங்களில் அமைதியும் தேவையில்லையே! அப்போது நிஜ ஷட்டருக்கு மாறிக்கொள்ளலாம்.

இன்னொன்று: எலக்ட்ரானிக் ஷட்டரில் பெரும்பாலான காமிராக்கள் பிளாஷை எரியவிடாது. பிளாஷ் இல்லாமல் எடுக்கத் தெரியாதவருக்கு மௌனக் காமிரா கண்ணில்லாத காமிராதான்.

இந்தக் குறைகளையெல்லாம் விஞ்ஞானம் தீர்த்துவிட்டதா என்றால், தீர்த்துவிட்டது, விலைதான் தீரவில்லை. 2017-ல் வந்த சோனி ஏ9, சென்சாரை 1/150 நொடி அளவில் வாசித்தது. 2021-ல் நிக்கான் இசட்9 காமிராவில் நிஜ ஷட்டரையே எடுத்துவிட்டார்கள். வாசிப்பு அவ்வளவு வேகம். 2023-ல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9-3 எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பிடிக்கிறது. குச்சி வளைய வழியே இல்லை. ஆனால் இவை லட்சக்கணக்கில் விலை. பகுதி நேரமாகப் படம் எடுப்பவர் அதை நம்பி வட்டிக்குக் கடன் வாங்குவது வேண்டாத வேலை.

எந்த நேரத்தில் மௌனம் வேண்டும்?

காமிராவைப் பார்ப்பதற்கு முன் தாம் போகும் விசேஷங்களை ஒருவர் எண்ணிப் பார்க்க வேண்டும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா, வளைகாப்பு, வரவேற்பு இவற்றில் யாரும் மௌனமாக இருப்பதில்லை. அங்கே எந்தக் காமிராவும் சரிதான்.

மேளம் வைக்காமல் வீட்டோடு நடத்தும் பூணூலில் பிரம்மோபதேசம் மிக நெருக்கமான கட்டம். துணியைப் போர்த்திக்கொண்டு தகப்பனார் பிள்ளையின் காதில் மந்திரம் சொல்கிறார். போட்டோக்காரர் நிற்பதோ நாலடி தூரத்தில். முஸ்லிம் வீடுகளில் நிக்காஹ் குத்பா ஓதி முடிந்து, மாப்பிள்ளை சம்மதம் சொல்லும் சில விநாடிகள். கத்தோலிக்கப் பூசையில் மணி அடித்து நற்கருணையை உயர்த்தும் நேரம்; பல பங்குகளில் அப்போது போட்டோக்காரர் நகரவே கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவில் செப்டம்பர் திருவிழாவின் கூட்டத்தையும் பாட்டையும் பார்த்துவிட்டு, அதே கோயிலில் ஒரு சாதாரண நாள் காலைப் பூசைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரே இடம், இரண்டு விதமான காது வேண்டும்.

கச்சேரியிலும் அப்படியே. 1939-ல் தொடங்கிய ஸ்ரீ ராமசேவா மண்டலியின் ராமநவமிக் கச்சேரிகள் பல ஆண்டுகள் நடந்துவந்த சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானம் போன்ற திறந்த பந்தலில் ஒலிபெருக்கி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஐம்பது பேர் உட்காரும் சின்ன ஹாலில், தம்புரா மட்டும் மீட்டிக்கொண்டிருக்க, பாடகர் கீழ் ஸ்தாயியில் ஆலாபனை செய்யும்போது ஒரு ‘டக்’ விழுந்தால் பாடுபவரின் முகமே மாறும்.

சாவு வீட்டையும் பதினாறாம் நாள் காரியத்தையும் படம் எடுக்கச் சொல்பவர்கள் உண்டு. சொந்த ஊரில் இருந்து வர முடியாத உறவினர்களுக்கு அனுப்புவதற்காகக் கேட்பார்கள். ஊரை விட்டு வந்து குடியேறியவர்களின் நிலை அது. சத்தமில்லாத காமிரா எங்கே மிகவும் வேண்டும் என்று கேட்டால், கோயிலையும் கச்சேரியையும் விட முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

யாருக்கு எது?

கையில் ஏற்கெனவே நல்ல டி.எஸ்.எல்.ஆர். இருப்பவர் உடனே அதை விற்றுவிட வேண்டாம். நிக்கானில் ‘க்யூ’ என்று ஓர் அமைப்பு பல மாடல்களில் உண்டு. அதில் பட்டனை அழுத்தியபடியே பிடித்திருக்கும் வரை கண்ணாடி கீழே விழாது. விரலை எடுத்தால்தான் விழும். விஷயம் தெரிந்தவர்கள் படம் எடுத்துவிட்டு விரலை அப்படியே வைத்திருந்து, அடுத்த பாட்டோ கைத்தட்டலோ தொடங்கும்போது விரலை எடுப்பார்கள். பாதிச் சத்தம் பாட்டோடு போய்விடும்! கேனானில் ‘எஸ்’ என்று போட்டிருக்கும் அமைதி முறை கண்ணாடியை மெதுவாக இயக்குகிறது. 2012-ல் வந்த 5டி மார்க் 3 காமிராவில் அது நன்றாகவே வேலை செய்யும். இந்த வசதி தம் காமிராவில் இருப்பதே தெரியாமல் பலர் வருஷக்கணக்கில் ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதனோடு 50 மில்லிமீட்டர் எப்/1.8 லென்ஸ் ஒன்று வாங்கினால் போதும். காமிராவோடு சேர்த்துக் கொடுக்கும் சாதாரண ஜூம் லென்ஸ் நீட்டிய நிலையில் எப்/5.6 தான் திறக்கும். எப்/1.8 அதைவிடச் சுமார் 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். பிளாஷ் வேண்டியதில்லை. கேனான்காரர்கள் இந்த லென்சின் பழைய மாடலை வாங்க வேண்டாம்; அதன் போகஸ் மோட்டார் கரகரவென்று கத்தும். 2015-ல் வந்த எஸ்.டி.எம். மாடல் மிக அமைதி.

புதிதாகத் தொழிலில் இறங்குபவருக்கு மிரர்லெஸ் தான் சரி. எலக்ட்ரானிக் முதல் திரை, முழு மௌனம், நிஜ ஷட்டர் மூன்றும் இருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய காமிரா வாங்குகிறவர்கள் மாடல் எண்ணில் ஏமாறக்கூடாது. சோனி ஏ6000 விலை மலிவு. ஆனால் அதில் மௌன ஷட்டர் கிடையாது. 2016-ல் வந்த ஏ6300-ல் உண்டு. ஏ7 வரிசையிலும் முதல் ஏ7, ஏ7-2 இரண்டிலும் இல்லை. 2018-ல் வந்த ஏ7-3-ல் உண்டு. பார்ப்பதற்கு எல்லாம் அண்ணன் தம்பி போல இருக்கும். கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பாமல், அங்கேயே மெனுவைத் திறந்து ‘சைலன்ட்’ என்ற வரி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பழைய காமிராவில் ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். நடுத்தரக் காமிராக்களுக்கு 1 லட்சம் முதல் 2 லட்சம் ஓட்டம் வரை கம்பெனி உத்தேசிக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் எடுப்பவர் 50 கல்யாணத்தில் 1 லட்சத்தைத் தொட்டுவிடுவார். மௌன ஷட்டரில் எடுக்கும் படங்களுக்கு இந்தத் தேய்மானம் இல்லை என்பது ஒரு லாபம்.

கூட்டம் குறைந்த வீட்டு விசேஷம், சர்ச், சின்னக் கச்சேரி என்று மட்டும் போகிறவருக்கு, முன்னே சொன்ன எக்ஸ்100 வகை மிகப் பொருத்தம். தகட்டு ஷட்டர் என்பதால் சத்தம் கிட்டத்தட்ட இல்லை, குச்சி வளையாது, டியூப்லைட் பட்டையும் தொல்லை தராது, பிளாஷும் வேலை செய்யும். ஆனால் லென்ஸை மாற்ற முடியாது. தூரத்தில் இருப்பது தூரத்திலேயே இருக்கும். மேடையில் இருந்து முப்பது அடி தள்ளி நிற்கச் சொன்னால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கல்யாண மண்டபத்துக்கு அது ஒன்றையே நம்பிப் போவது ஆபத்து.

மண்டபத்தில் ஒரு சோதனை

எந்தக் காமிராவானாலும் விசேஷத்துக்கு முதல் நாளோ, அன்று ஒரு மணி நேரம் முன்னாலோ போய் விளக்குகளையெல்லாம் போடச் சொல்லி, மௌன ஷட்டரில் 1/50, 1/100, 1/250, 1/500 என்று நாலு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைச் சுவரைப் பார்த்து எடுத்தால் பட்டை உடனே தெரியும். எந்த வேகத்தில் பட்டை இல்லையோ அதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். எல்லா வேகத்திலும் பட்டை விழுந்தால், அந்த மண்டபத்தில் மௌன ஷட்டரை மறந்துவிட்டு எலக்ட்ரானிக் முதல் திரையில் எடுப்பதே மேல். ஐந்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் விட்டு, வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் பட்டைகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

பாதிரியாரையோ புரோகிதரையோ ஹஸ்ரத்தையோ முன்னதாகப் பார்த்து, எங்கே நிற்கலாம், எப்போது எடுக்கக்கூடாது என்று கேட்டுவிடுவதும் அதே நேரத்தில் முடிந்துவிடும். ஓரடி பின்னால் போவதற்குக்கூடப் பலன் உண்டு. ஒரு மீட்டரில் கேட்கும் சத்தம் இரண்டு மீட்டரில் 6 டெசிபல் குறையும்; நாலு மீட்டரில் 12 டெசிபல். எதிரொலிக்கும் உயரமான கட்டடங்களில் இவ்வளவு குறையாது. தரையில் ஜமக்காளமும் சுவரில் திரையும் உள்ள ஹாலில் காமிரா தானாகவே அடங்கிவிடும்.

காசு செலவில்லாமல் நிறுத்தக்கூடிய சத்தங்கள் வேறு இருக்கின்றன. போகஸ் ஆனதும் ‘பீப் பீப்’ என்று கத்துவதை மெனுவில் நிறுத்திவிடலாம். இருட்டில் போகஸ் செய்ய முகத்தில் அடிக்கும் சிவப்பு விளக்கையும் அணைத்துவிடலாம். சத்தம் இல்லாவிட்டாலும் அதுவும் தொந்தரவுதான். காமிராப் பையின் ஒட்டுப் பட்டையைப் பூசை நேரத்தில் ‘பர்ர்’ என்று கிழிப்பவர்கள், ஷட்டர் சத்தத்தைக் குறைக்க எவ்வளவு செலவழித்தும் பயனில்லை. பையைத் திறந்தே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சட்டைப் பையில் சில்லறையும் சாவிக்கொத்தும் வேண்டாம்.

சத்தம் வராததால் வரும் சங்கடமும் உண்டு. படம் எடுக்கப்பட்டது எடுபட்டவருக்கே தெரியாது. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் விற்கும் கைபேசிகளில் காமிரா சத்தத்தை நிறுத்த முடியாதபடியே வைத்திருக்கிறார்கள். திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதைத் தடுக்கத்தான். சாவு வீட்டில் அழுகிறவர் முகத்துக்கு நேரே மௌனக் காமிராவை நீட்டுவதற்கு யாரும் அனுமதி கொடுத்துவிடவில்லை. வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.

சடங்கெல்லாம் முடிந்து, குடும்பம் முழுவதும் மேடையில் வரிசையாக நிற்கும் குரூப் போட்டோ நேரத்தில் மௌன ஷட்டரை மறக்காமல் மாற்றிவிட வேண்டும். ஐம்பது வருஷமாக ‘கிளிக்’ கேட்டுப் பழகியவர்கள் நம் பெரியவர்கள். சத்தம் வராவிட்டால், படம் எடுத்து முடித்த பிறகும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அல்லது எடுக்கும் அந்த நொடியில்தான் பக்கத்தில் இருப்பவரிடம், ‘என்ன, இன்னும் எடுக்கவில்லையா?’ என்று திரும்பிக் கேட்பார்கள்.